வட்டம் எண்டால் ஓம்

என்னை இப்ப லண்டன் டூட்டிங்கில கண்டால் சனம் சிரிக்குது. முகத்துக்கு நேரை சிரிக்க மாட்டினம், அவ்வளவு மரியாதை கிடக்கு. மரக்கறிக் கடையில நிண்டு வெண்டிக்காய் முறிச்சுப் பார்க்கேக்குள்ள பின்னால ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லுறாள், உவதான் வட்டம் எண்டால் ஓம் எண்டு நினைச்ச மனுசி எண்டு. சொல்லட்டும். அந்தச் சிரிப்பு எனக்கு வசதியாக் கிடக்கு. என்ன வசதி எண்டு கேக்கிறியளோ? பொறுங்கோ, அதுக்குத்தான் வாறன்.

என்ர பேர் சிவனேஸ்வரி. ஆஸ்பத்திரியில உடுப்புத் தோய்க்கிற லோன்றியில காலமை ஷிப்ட். என்ர மனுசன் பத்மநாதன் பெற்றோல் ஷெட்டில நிக்கிறார், மிச்ச நேரம் கோயில் நோட்டீஸ் ரைப் பண்ணுவார். அந்தாள் வாய் திறக்கிறது குறைவு. ரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் கதைக்கிறனான். எங்களுக்கு ஒரே ஒரு பிள்ளை, யனுஷன்.

அவனை நான் விட்டிட்டு வந்தனான். சுத்தி வளைக்காமல் சொல்லுறன். மனுசன் முதலே இங்க வந்திட்டார்; 2005இல எனக்கு விசா வந்தது, பிள்ளைக்கு வரேல்லை. அவன்ர பிறப்புப் பத்திரத்தில தாயின்ர பேர் சிவநேஸ்வரி, என்ர பாஸ்போட்டில சிவனேஸ்வரி. ஒரு ந, ஒரு ன. அதை இங்கிலீசில மாத்தின ஆள் ரண்டுக்கும் ரண்டு விதமா எழுதி வைக்க, நான் தாயோ எண்டு அவைக்குச் சந்தேகமாம். ஆறு மாசத்தில திருத்திக் கூப்பிடுறம் எண்டு கிளிநொச்சியில என்ர மச்சாளோட விட்டிட்டு பிளேன் ஏறினன். அவனுக்குப் பன்ரண்டு வயசு. அடுத்த வருசம் வன்னிக்குப் போற பாதையைப் பூட்டினாங்கள், பேந்து சண்டை. 2009 ஏப்ரலில கால்ல காயத்தோட அவனைக் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில நடத்தின ஆஸ்பத்திரி வாசல்ல கண்டதாக ஒராள் சொன்னார். அதோட சரி. முகாம் லிஸ்டில இல்லை, செத்த ஆக்களின்ர லிஸ்டிலயும் இல்லை.

எங்கட வீட்டில மேல பின்னறை அவன்ர. கட்டில் வாங்கிப் போட்டது, மெத்தையில பிளாஸ்ரிக் உறை கூடக் கழட்டேல்லை. முன்னறையில பவித்திரன் வாடகைக்கு இருக்கிறான். மலேசியாப் பெடியன், பெடியன் எண்டாலும் முப்பத்திநாலு வயசு, ஒரு பாங்கில கம்பியூட்டர் வேலை. நல்ல பிள்ளை, ஆனால் விசர் எண்டுதான் முதல் நினைச்சன். அவன்ர அறைக்குள்ள பதினாலு பிளேஸ்டேஷன். துவக்குச் சுட்டு விளையாடுற கறுப்புப் பெட்டி, தெரியும்தானே, அதுதான். கலியாணத்துக்குப் பொம்பிளை பார்க்கிற வயசில உனக்கு உதென்ன கோலமடா எண்டு வடிவாப் பேசியும் போட்டன்.

அவன் கோவிக்கேல்லை, இருந்து விளங்கப்படுத்தினான். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற மூளை கணக்குப் பார்க்கிறதில புலியாம். கம்பனி விளையாட்டு வித்து உழைக்கிறபடியால் பெட்டியை மலிவாக் குடுக்குதாம். விளையாட்டை விட்டிட்டு அதுக்குள்ள வேற ஒரு சிஸ்டம் போட்டு, பதினாலையும் வயரால சேர்த்துக் கட்டினால், யூனிவர்சிற்றியில ஒரு மண்டபம் முழுக்க நிக்கிற கம்பியூட்டர் செய்யிற வேலையைச் செய்யுமாம். சுனாமி அலை எந்தக் கரையில எவ்வளவு உயரத்துக்கு எழும்பும் எண்டு அவன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். படிக்கேக்குள்ள துவங்கினது, முடிக்க விடேல்லையாம், அந்த ஆத்திரத்தில வீட்டில வச்சுச் செய்யிறான். நான் அப்பவும் விசர் எண்டுதான் சொன்னன்.

துஷ்யா வந்த பிறகுதான் என்ர வாய் அடங்கினது. துஷ்யா ஸ்ட்ரெதத்தில இருக்கிறவள், வன்னியால தப்பி வந்து கொஞ்ச நாள். அவளின்ர தமையன் அம்பலவாணன் அந்தக் கடற்கரை ஆஸ்பத்திரியில பதிவு எழுதினவர். வந்த ஒவ்வொருத்தரின்ர பேர், வயசு, ஊர், என்ன காயம், என்ன நடந்தது, திகதி. பேப்பர் நனைஞ்சு போகுது எண்டு ஒரு லாப்டொப்பில ரைப் பண்ணி, சுண்டுவிரல் அளவு மெமரி ஸ்டிக் ஒண்டில போட்டு, ஆரும் பிடிச்சாலும் வாசிக்கேலாமல் பூட்டி வச்சிருக்கிறார். பூட்டின சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். முகாமில காய்ச்சல் வந்து, அதைச் சொல்லாமலே செத்துப் போனார். அவள் அந்த ஸ்டிக்கைத் தலைமயிருக்குள்ள செருகிக் கொண்டந்தவள். உள்ள ரண்டு பைல். ஒண்டு மார்ச் வரைக்கும், மற்றது ஏப்ரலும் மேயும்.

சாவி தெரியாத பூட்டுக்கு ஒவ்வொரு சாவியாப் போட்டுப் பார்க்கிற மாதிரித்தான் அக்கா எண்டான் பவித்திரன். சாதாரணக் கம்பியூட்டரில நூறு வருசம் செல்லும், இந்தப் பதினாலும் சேர்ந்தால் ஒரு வருசத்துக்குள்ள முடியலாம். தன்ர சுனாமியை அண்டைக்கே நிப்பாட்டிப் போட்டான், நான் கேக்கக் கூட இல்லை. முன்னறையில சூடு கூடிப்போச்சு எண்டு சொன்னவுடன நான் பின்னறையைத் திறந்து விட்டன். யனுஷன்ர கட்டிலைச் சுவரோட தள்ளி, மேசையில ஏழும் நிலத்தில ஏழுமா அடுக்கினம். சின்னனில அவன் போனில கேட்டவன், அங்க வந்தால் எனக்கு அந்த விளையாட்டுப் பெட்டி வாங்கித் தருவியளோ எண்டு. ஒண்டில்லை, பதினாலு வந்து நிக்குதடா எண்டு அந்த அறைக்குள்ள நிண்டு வாய்விட்டுச் சொன்னன்.

அந்த இரைச்சல் சொல்லி வேலையில்லை. பதினாலு காத்தாடியும் சேர்ந்து சுத்தினால் வீடே இரையும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி மதிலால எட்டிப் பார்த்துக் கேட்டாள், என்ன தொழிற்சாலை வச்சிருக்கிறியளோ எண்டு. எனக்கு அது பழகிப்போச்சு. வேலையால வந்து சப்பாத்துக் கழட்ட முதல் காது குடுத்துப் பார்ப்பன். இரையுது எண்டால் தேடிக்கொண்டிருக்கு எண்டு அர்த்தம்.

கதை பரவினது. பதினெட்டு வீடு எங்களோட சேர்ந்து காத்துக்கொண்டிருந்தது. எல்லாரையும் விட இல்ஃபோர்டில இருந்து மேனுஷாதான் ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் நாலு மணிக்குப் போன் எடுப்பாள். அவளின்ர மனுசன் நிரூபனையும் அந்த ஏப்ரலில காயத்தோட அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனவை. என்னக்கா, திறந்திட்டுதோ எண்டு கேப்பாள். இன்னும் இல்லைப் பிள்ளை எண்டுவன். பேந்து ரண்டு பேரும் கறி புளி கதைச்சிட்டு வைப்பம்.

வீட்டுக்குள்ள எனக்கும் பத்மநாதனுக்கும் ஒரே சண்டை. அந்தாளுக்குத் திவசம் செய்யவேணும். வருசம் முடியப் போகுது, பிள்ளைக்கு ஒரு பிடி எள்ளுத் தண்ணி இறைக்கேல்லை எண்டு அந்தாள் அழுது கரையும். உயிரோட இருக்கிற பிள்ளைக்குத் திவசம் செய்யப் போறீரோ எண்டு நான் குதிப்பன். சரி, செய்யிறதெண்டாலும் திதி தெரியவேணும், திதிக்குத் திகதி தெரியவேணும். அந்தத் திகதி அந்தப் பைலுக்குள்ள கிடக்கு, அல்லாட்டில் இல்லை. இருந்தால் என்ர பிள்ளை இல்லை. அதுக்குள்ள அவன் இல்லாட்டில் எங்கையோ இருக்கிறான். அவ்வளவும்தான் கணக்கு, அதைப் பதினாலு மெசின் பார்க்குது.

2010 மார்ச்சில முதலாவது பைல் திறந்திட்டுது. பவித்திரன் ஓடி வந்து, பாடுபட்டது வீணாப் போச்சு அக்கா, உள்ள ஒரே குப்பை எண்டு முகம் செத்துப்போய்ச் சொன்னான். நான் போய்ப் பார்த்தால் இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கலந்து கிடக்கு. எட விசரா, உது பாமினி எண்டன். எங்கட சனம் தமிழ் ரைப் பண்ணுற பொன்ட். அது இல்லாத கம்பியூட்டரில அம்மா எண்ட சொல் mk;kh எண்டு கிடக்கும். பத்மநாதன்ர கோயில் நோட்டீஸ் வருசக்கணக்கா என்ர கண்ணுக்கு முன்னால அப்பிடித்தான் கிடக்குது. அவரின்ர கம்பியூட்டரில போட்டம், தமிழ் வந்திட்டுது.

ஆயிரத்து நூற்றி நாப்பத்திமூண்டு வரி. நான்தான் வாசிச்சன், வேற ஆர் வாசிக்கிறது? பவித்திரனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும், பத்மநாதன் முதல் பக்கத்தோட எழும்பிப் போயிட்டார். அம்பலவாணன் வீண் சொல்லு ஒண்டும் எழுதேல்லை. பெண், முப்பத்தொண்டு, விசுவமடு, வயிறு, மருந்து இல்லை, பின்னேரம். ஆண், ஒன்பது, பேர் தெரியாது, சிவப்புச் சேட். ஆண், பதினாறு, கால், சரியாகும் எண்டு எழுதி அதுக்குப் பக்கத்தில அடுத்த நாள் திகதி போட்டு, சரியாகேல்லை எண்டு கிடந்தது. அது என்ர பிள்ளையில்லை, வேற பேர். ஆனால் அந்த வரியை நான் மூண்டு தரம் வாசிச்சன்.

பதினெட்டு வீட்டில மூண்டு வீட்டு ஆக்களின்ர பேர் அதுக்குள்ள இருந்தது. நான்தான் போன் எடுத்துச் சொன்னனான். ஒரு தகப்பன், வயசான மனுசன், ரண்டு தரம் நன்றி சொன்னார். பேந்து, பிள்ளை, இதை நான் மனுசிக்குச் சொல்லவோ வேண்டாமோ எண்டு என்னட்டையே கேட்டார். யோசிச்சுச் செய்யுங்கோ ஐயா எண்டன். போனை வச்சிட்டுக் கக்கூசுக்குள்ள போய்ச் சத்தி எடுத்தன்.

ஏப்ரலில பவித்திரன் தங்கச்சியின்ர கலியாணத்துக்கு மலேசியா போனான். போக முதல் ஒரு விசயம் சொன்னான். கம்பனி புதுசா ஒரு அப்டேட் விட்டிருக்காம், அதைப் போட்டால் பெட்டிக்குள்ள இருக்கிற மற்ற சிஸ்டம் அழிஞ்சு போகும், பேந்து விளையாட மட்டும்தான் உதவும், திரும்ப மாத்தேலாது. மெசின் கேக்கும், வேண்டாம் எண்டு விட்டால் சரி. இவன் வாற நேரம் எங்கையோ ஐஸ்லாந்தில எரிமலை வெடிச்சுச் சாம்பல் எழும்பி, பிளேன் எல்லாம் நிண்டு போச்சு. ஒரு கிழமை கோலாலம்பூரிலயே கிடந்தான்.

அந்தக் கிழமைதான் நான் உடுப்புக் காயேல்லை எண்டு ஹீட்டரைப் போட்டன். டப்பெண்டு மெயின் விழுந்திட்டுது. திரும்பிப் போட்டால் லைற் வருது, மேல சத்தம் இல்லை. வீடு அவ்வளவு அமைதியா இருந்து நான் கண்டு கன நாள். பவித்திரனுக்குப் போன் எடுத்தன். அவன் சொல்லச் சொல்லக் கோயில் கலண்டர்த் தாள் ஒண்டைக் கிழிச்சுப் பின்பக்கத்தில எழுதினன். ஒண்டு, டீவியையும் விளையாடுற பொத்தான் வச்ச கைப்பிடியையும் ஒவ்வொரு மெசினாக் கொழுவி ஓன் பண்ணவும். ரண்டு, புதுசு போடவோ எண்டு கேட்டால் வேண்டாம். மூண்டு, கடைசி வரிக்குப் போய் மற்ற சிஸ்டம் எடுக்கவும். பயப்படாதீங்க அக்கா, தேடின வரைக்கும் எல்லாம் பத்திரமா இருக்கும், விட்ட இடத்துலேருந்து ஓடும் எண்டு சொன்னான்.

பழைய டீவியைத் தூக்கிக்கொண்டு போய் முதல் மெசினில கொழுவினன். கேள்வி வந்தது. ஓம், இல்லை எண்டதுக்கு ஆன விளக்கம் கீழ வரியில எழுதியிருக்குமாம், எங்கட டீவியில கீழ்வரி வெட்டுப்பட்டுப் பாதிதான் தெரியுது. கைப்பிடியைப் பார்த்தன். ஒரு வட்டம், ஒரு பெருக்கல் அடையாளம். நீங்களே சொல்லுங்கோ. பெருக்கல் எண்டால் பிழை, பள்ளிக்கூடத்தில வாத்தியார் சிவப்புப் பேனையால போடுறது. வட்டம் எண்டால் ஓ. ஓம். பின்ன என்ன? வேண்டாம் எண்டு சொல்லத்தானே வேணும், பெருக்கலை அமத்தினன்.

இந்த நாட்டு மெசினில பெருக்கல்தானாம் ஓம். வட்டம்தானாம் இல்லை. எந்த மூதேவி யோசிச்சானோ. பதினாலும் போச்சு.

பவித்திரன் வந்து சூட்கேசை வாசல்ல வச்சிட்டு நேரை மேல ஏறினான். ஒரு மணித்தியாலம் கழிச்சு இறங்கி வந்து குசினி வாசல்ல நிண்டான். நான் வட்டக் கதையைச் சொன்னன். அவன் என்னைப் பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். தலையில கை வச்சுக்கொண்டு, தன்ர பிழை எண்டான். அவன் சின்னனில வச்சிருந்த மெசினில வட்டம்தானாம் சரி. இங்க மாறி இருக்கிறதைச் சொல்ல மறந்துட்டேன் அக்கா, மன்னிச்சிருங்க எண்டு கும்பிட்டான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான். பேந்து புதுசு போடாத பழைய மெசின் தேடிக் கடை கடையா அலைஞ்சான், கிடைக்கேல்லை. யூனிவர்சிற்றியில கேட்டான், ஆற்றையோ பூட்டை உடைக்கிற வேலை தங்களால ஏலாது எண்டிட்டினம். அதுக்குப் பிறகு அவன் கதைக்கிறதும் குறைஞ்சு போச்சு.

வட்டக் கதை ஊரெல்லாம் போட்டுது. துஷ்யா என்னைக் கட்டிப்பிடிச்சு, தெரியாமல் செய்ததுதானே அக்கா எண்டாள். அந்த ஸ்டிக் அவளின்ர தமையன் தலைமாட்டில வச்சுக் காத்தது, அவள் தலைமயிருக்குள்ள வச்சுக் கொண்டந்தது. மேனுஷா போனில, பதினாலும் போச்சோ எண்டு ஒருக்காக் கேட்டாள். பேந்து, எனக்கெண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன் அக்கா, வட்டம் எண்டால் ஓம்தானே எண்டு சிரிக்கப் பார்த்தாள். அடுத்த ஞாயிறும் நாலு மணிக்கு எடுத்தாள். அதுக்கடுத்த ஞாயிறும். திறந்திட்டுதோ எண்டு இப்ப கேக்கிறேல்லை. அக்கா, சுகமா இருக்கிறியளோ எண்டு கேக்கிறாள். என்ர மனம் உடைஞ்சு போச்சாம், ஆறுதல் சொல்லுறாள்.

மே முடிஞ்சுது. பத்மநாதன் ஐயரோட கதைச்சு, திகதி தெரியாதபடியால் அமாவாசையில செய்யிறது எண்டு முடிவெடுத்தார். நான் எதிர்த்துக் கதைக்கேல்லை. அதுதான் அந்தாளுக்கு உறைச்சிருக்க வேணும்.

போன ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுப்போட்டு, சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில விரிச்சார். என்ர கலண்டர்த் தாள். மெசினுக்குக் கீழ கிடந்ததாம். சாமான் லிஸ்ட் பார்க்கிற மாதிரி விரல் வச்சு வாசிச்சார். ஒண்டு. ரண்டு. மூண்டு.

"முதல் மெசினிலயே மூண்டாவது வரிக்கு வந்திருப்பீர்தானே," எண்டார். "அங்க மற்ற சிஸ்டம் எண்டு ஒண்டும் இருந்திராது."

நான் கோப்பையைக் கழுவப் போனன்.

"ஈஸ்வரி. பதினாலையுமோ தெரியாமல் அமத்தினீர்?"

முதலாவது தெரியாமல்தான், சத்தியமா. பெருக்கலை அமத்தின உடன ஒரு கோடு கொஞ்சம் கொஞ்சமா நீண்டுகொண்டு போச்சு. ஏதோ செய்யுது எண்டு பார்த்துக்கொண்டு இருந்தன். முடிஞ்சு திரும்ப ஓன் ஆகி வர, மூண்டாவது வரியில எழுதின மாதிரிக் கடைசிக்குப் போய்ப் பார்த்தன், அந்தச் சாமான் இல்லை. எனக்கு விளங்கிட்டுது. ஐயோ எண்டு பவித்திரனுக்கு எடுக்கப் போனைத் தூக்கினன், பாதி நம்பரும் அடிச்சன். பதின்மூண்டு மிச்சம் இருந்தது. தேடுறதுக்குப் பதின்மூண்டும் போதும், கொஞ்சம் கூட நாள் செல்லும், அவ்வளவுதான்.

அறை அமைதியாக் கிடந்தது. கட்டில்ல பிளாஸ்ரிக் உறைக்கு மேல குந்தியிருந்தன். ஆண், பதினாறு, கால், சரியாகும். அந்த வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. மற்றப் பைல் திறந்தால் நான்தான் வாசிக்கவேணும். ஒவ்வொரு வரியா இறங்கி வாறன், ஒரு இடத்தில ய எண்டு துவங்கும். அந்த நிமிசம் வரைக்கும் அவன் எங்கையோ இருக்கிறான். ஒரு காட்டுக்குள்ளயோ, ஒரு சிறைக்குள்ளயோ, கால் நொண்டிக்கொண்டெண்டாலும் இருக்கிறான். நான் ஒருக்கால் விட்டிட்டு வந்தனான், ரண்டாந்தரமும் நானே வாசிச்சு அவனை முடிக்க என்னால ஏலாது. போனைக் கீழ வச்சன். ரண்டாவது மெசினில டீவியைக் கொழுவினன். கேள்வி வந்தது, அப்ப எனக்கு எது ஓம் எண்டு வடிவாத் தெரியும். பெருக்கலை அமத்தினன். பேந்து மூண்டாவது. ஒவ்வொண்டுக்கும் பன்ரண்டு நிமிசம். இடையில கீழ போய்த் தேத்தண்ணியும் ஊத்திக் குடிச்சன்.

நிரூபனை நான் அப்ப நினைக்கேல்லை. பதினைஞ்சு வீட்டில ஒரு வீட்டையும் நினைக்கேல்லை. பொய் சொல்லுறன், மேனுஷாவை நினைச்சன், எட்டாவது மெசினில. நினைச்சுக்கொண்டுதான் அமத்தினன்.

"தெரிஞ்சுதான் செய்தீரோ?" எண்டார் பத்மநாதன்.

"ஓம்," எண்டன்.

அந்தாள் கத்தேல்லை. கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சார். எனக்கும் பிள்ளைதானே அவன் எண்டு மட்டும் சொன்னார், அதுவும் என்னைப் பார்த்துச் சொல்லேல்லை. நான் கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினன். அப்பத்தான் போன் அடிச்சது. மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லை, நாலு மணி.

பத்மநாதன் எழும்பிப் போய் எடுத்தார். ஓம் பிள்ளை, நிக்கிறா எண்டிட்டு, போனை எனக்கு நீட்டிக்கொண்டு நிண்டார். அவளுக்கும் சொல்லும் எண்டார், மெதுவாத்தான் சொன்னார். கை ஈரத்தைச் சீலையில துடைச்சிட்டு வாங்கிக் காதில வச்சன். அங்கால பிள்ளையள் சத்தம் போடுது, மேனுஷா கதவைச் சாத்திற சத்தம் கேக்குது.

"அக்கா, சுகமா இருக்கிறியளோ?"

ஓம் எண்டன்.